கிராஃப் பாயும் என் இடது காலும்

வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் தொடை தானாக இறுகுகிறது. மகள் பள்ளி ஷூவைக் கழற்றும்போது எழும் அந்த ‘சர்ர்ரக்’. உடனே கண்முன் வந்து நிற்பார் கிராஃப் பாய். ஆம்பூரில் கைரேகை பார்த்து எதிர்காலம் சொன்னவர்கள் பலர் உண்டு. தொடைச் சதையைப் பார்த்து எதிர்காலம் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதுவும் கம்ப்யூட்டரில், கோடு போட்டு.

எங்கள் ஷூ கம்பெனியில் ஷூவின் வடிவங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற பேட்டர்ன் மாஸ்டர் அவர். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். நான் கட்டிங் செக்ஷன். நாள் முழுக்க நின்றபடி தோல் வெட்டுகிற வேலை. தோலின் மேல் கையை ஓடவிட்டால், அந்த ஆட்டை முள் கிழித்த இடத்தைச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் ஒரு மழைநாளில் பைக்கோடு சறுக்கி, இடது முழங்காலில் ஆபரேஷன் முடிந்து வந்தேன். கால் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருந்தது.

மேனேஜர் பேச்சை நீட்டவில்லை. "ரெண்டு மாசம் டைம். ஒரு ஷிஃப்ட் முழுசா நின்னு காட்டுங்க. இல்லேன்னா பேக்கிங்ல ஒக்காந்து டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுங்க."

இருபது வருடக் கட்டிங்காரனுக்கு ஸ்டிக்கர்!

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கிராஃப் பாய் என் வீட்டு வாசலில் நிற்கிறார். கையில் ஒரு வெல்க்ரோ பட்டை, அதில் தீப்பெட்டி அளவு சென்சார். அதைத் தொடையில் கட்டிக்கொண்டு, பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளை நான் செய்ய வேண்டுமாம். கால் எத்தனை வேகமாக எழுகிறது, எங்கே நடுங்குகிறது என்பதெல்லாம் அவர் போனுக்குப் போகும். அதை வைத்து, எந்த வாரம் எவ்வளவு பலம் ஏறும் என்று அவர் கம்ப்யூட்டரில் போட்டு வைத்த கணக்கு, அவர் பாஷையில் ‘மாடல்’, முன்கூட்டியே சொல்லிவிடும்.

"நீங்க கால தூக்குங்க சார். மீதிய நான் பாத்துக்கறேன்."

அன்றோடு என் நிம்மதி போனது. நாற்காலியிலிருந்து முப்பது முறை எழுந்து முடித்தால் போன் அடிக்கும். "இருவத்தெட்டுதான் காட்டுது. மீதி ரெண்டு எங்க சார்?" ஞாயிற்றுக்கிழமை படுத்தால், "கோடு சாயுது, எழுந்திருங்க!" டீ பிரேக்கில் கம்பெனிக்கே என் தொடையின் கிராஃபைக் காட்டினார். டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். "இன்னா சார், தொடை இன்னிக்கு எத்தினி?"

என் மனைவி ஒருநாள் வெடித்தாள். "ஒங்களோட பேஜாரா போச்சு பாய். சோறு தின்னாகூட கோடு சாயுமா?"

"ஜாஸ்தி தின்னா சாயும்மா."

கோடோ ஏலகிரி மலை பஸ் மாதிரி ஏறிக்கொண்டே போனது. ஐந்தாம் வாரம் இருவரும் பெருமையாக வேலூருக்குப் போனோம். பிசியோதெரபிஸ்ட் டேப் வைத்து அளந்தார். "இடது தொடை இம்மியும் ஏறல. எழும்போதெல்லாம் வெயிட்ட வலது கால்ல போட்டிருக்கீங்க."

"பாய், ஆபரேஷன் எந்தக் கால்ல?" என்று கேட்டேன்.

"இடது."

"பட்டை எந்தக் கால்ல?"

பாய் குனிந்து பார்த்தார். வலது.

"சாம்பிள் எப்பவும் வலது காலுக்குத்தானே சார் போடுவோம்? ஒண்ணு சரியா வந்தா, இன்னொண்ண கம்ப்யூட்டரே திருப்பிப் போட்டுக்கும்..."

திட்ட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். ஐந்து வாரமும் அந்தப் பட்டையை வலது தொடையில் கட்டியது நான்தான். நாங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் சாம்பிள் ஷூ ஒற்றைக்கால்தான். வலது முடிந்தால் எங்களுக்கு ஜோடியே முடிந்த மாதிரி.

பட்டை இடம் மாறியது. புதுக் கோடு பாலாற்று மணல் மாதிரி படுத்துக் கிடந்தது. கெடுவுக்கு இருந்தது மூன்று வாரம். மாடல் கேட்டது ஒன்பது.

அன்று பாய் யாரிடமும் கிராஃபைக் காட்டவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போனார். பின்னால் நான், நொண்டிக்கொண்டு.

"தப்பு என் கணக்குல சார், அவர் கால்ல இல்ல. ஒம்போது வாரம் குடுங்க. அப்பவும் நிக்கலேன்னா, அவர் பக்கத்துல ஒக்காந்து நானும் ஸ்டிக்கர் ஒட்டுறேன்."

தன் பேட்டர்னில் ஒரு நூலளவு பிசகைக்கூட ஒப்புக்கொள்ளாத அந்த முகத்தை மேனேஜர் பார்த்தார். டைம் கொடுத்தார்.

பிறகு பாய் இரண்டு மடங்கு தொல்லையானார். "வலது மேல சாயாதீங்க சார், எனக்கு இங்க தெரியுது!" கனவிலும் அதே குரல்.

ஒன்பது வாரம் முடிந்த திங்கட்கிழமை மெஷின் முன்னால் நின்றேன். மூன்று மணிக்கு முழங்கால் எரிந்தது. நான்கு மணிக்குத் தொடை, மழையில் நனைந்த நாய் மாதிரி உதறியது. சங்கு ஊதும்வரை உட்காரவில்லை.

அந்த வாரமே ராணிப்பேட்டைக் கம்பெனி ஒன்று பாயைக் கூப்பிட்டுக்கொண்டது. நாங்கள் கடைசியாகப் பேசியது அந்தத் திங்கட்கிழமை மாலை கேட்டில்தான்.

"நின்னுட்டேன் பாய்."

"தெரியும் சார்."

"மாடல் சொல்லிச்சா?"

"கோட்ட பாக்க பயமா இருந்திச்சி. செல்போன வீட்லயே வெச்சிட்டு, காலைலருந்து பதினோரு வாட்டி ஜன்னலாண்ட வந்து உங்களையே பாத்துட்டுப் போனேன். வர்றேன் சார்."