பென்சிலில் எழுதாத வண்டுச் சீட்டுகள்

என் கையெழுத்து அழகானது. அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

படிப்பை முடித்துவிட்டு எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, ஆயர் தாவார் ஊர்க்காரரான கிரேஸ் அக்காதான் வேலை கொடுத்தார். முனைவர் பட்டத்துக்காக அவர் மலையுச்சித் தரைவண்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் அவருக்குச் சுமைதூக்கி (வீட்டில் சொன்னது, ஆய்வு உதவியாளர்).

"இதுங்களுக்கு பறக்கத் தெரியாது அருள்," என்றார் முதல் நாளே. "குளிருலதான் உயிர் வாழும். ஒரு காலத்துல கீழயும் குளிரா இருந்துச்சு, எல்லா எடத்துலயும் திரிஞ்சிச்சு. அப்பறம் சூடு ஏற ஏற மேல போயி, உச்சியில மாட்டிக்கிச்சு. பக்கத்து மலைக்குப் போவ வழியே இல்ல. பல லட்சம் வருஷம் தனித்தனியா பெருகி, மலைக்கு ஒரு இனமா ஆயிருச்சுலா."

ஈப்போவுக்குக் கிழக்கே இரண்டு உச்சிகளில் பிளாஸ்டிக் குவளைகளைப் புதைத்து, தவறி விழும் வண்டுகளைப் பிடித்தோம். அட்டைகள் குடித்தது போக எனக்குக் கொஞ்சம் ரத்தம் மிஞ்சியது.

ஒவ்வொரு வண்டையும் மலையின் பெயர் எழுதிய சீட்டோடு சின்னத் துணியில் முடிந்து, ஸ்பிரிட் நிறைந்த பெரிய போத்தலில் போடவேண்டும். "பென்சில்லதான் எழுதணும்," என்றார் அக்கா.

பென்சில் எழுத்து மங்கலாக இருந்தது. ஆராய்ச்சிக்கு ஒரு கௌரவம் வேண்டாமா? நீலப் பேனாவில், சுழித்துச் சுழித்து எழுதிப் போட்டேன்.

பத்து நாள் கழித்து அக்கா போத்தலைத் திறந்தார். ஸ்பிரிட் நீலமாகியிருந்தது. சீட்டுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"எது எந்த மலை?"

ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்தேன். "இது மூஞ்சியப் பாத்தா கொஞ்சம் உசரமான மலையோடது மாதிரி இருக்குக்கா."

அவர் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டே இருந்தார். கடைசி முடிச்சு வரைக்கும்.

மறுபடியும் ஏறினோம். இரண்டாம் மலையில் வண்டுகள் கிடைத்தன. முதல் மலையில், இடையில் பெய்த மழைக்கு உச்சிச் சரிவே இறங்கிப் போயிருந்தது. குவளைகள் புதைத்த இடத்தில் செம்மண். மூன்று நாள் தேடினோம். ஒரு வண்டுகூட இல்லை.

"போத்தல்ல, ரெண்டாம் மலை வண்டு மாதிரி இல்லாம மிச்சம் இருக்கறது இந்த மலையோடதுதானேக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஊகிக்கலாம். ஊகத்துக்கு எப்படி பேர் வைக்கிறது?"

அவர் ஆய்வில் அந்த மலை ஓர் அடிக்குறிப்பானது. வேறெங்கும் இல்லாத ஓர் இனம் அங்கே இருந்திருக்கலாம். பெயர் கிடைப்பதற்கு முன்பே அதன் ஊரை நான் அழித்துவிட்டேன்.

வீட்டில் இது சிரிப்புக் கதை. எனக்கு மகள் பிறந்தபோது, குழந்தையின் கையில் பெயர்ச்சீட்டு கட்டிய ஆஸ்பத்திரித் தாதி மிஸ்ஸியிடம் என் மனைவி கேட்டாள்: "இவரு எழுதலையே?" வார்டில் கூடியிருந்த எங்கள் வீட்டாரெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குழந்தையைப் பார்க்க வந்திருந்த கிரேஸ் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, அந்தச் சீட்டை விரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்.