பெண் பார்க்க வந்த கெளுத்திகள்

மைக் பிடித்துப் பேசுகிறவர்களுக்குத் தாங்கள் பேசுவது காதில் விழுவதில்லை. நம்பாவிட்டால் என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மீன்வளத் துறையில் சார் ஆய்வாளராகச் சேர்ந்த புதிதில், பக்கத்துக் கிராமம் ஒன்றில் காலை நேரத்தில் முழங்கினேன்: "ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட மீன்! ஏரிக்குள்ள போனா நம்ம கெண்டைக் குஞ்சு ஒண்ணையும் விட்டு வைக்காது. வெளிய எடுத்துப் போட்டாலும் லேசுல சாகாது. ஈரம் இருந்தா தரையிலயே ஊர்ந்து போவும்!" பலமாகக் கைதட்டினார்கள். (மைக் இல்லாதிருந்தால் நானும் தட்டியிருப்பேன்.)

அன்றே ஒரு தோப்பில் திருட்டுத்தனமாக இந்த மீனை வளர்த்த குட்டையைப் பிடித்தோம். கோழிக் கழிவைத் தின்று ஒவ்வொன்றும் முழங்கை நீளம். குழி வெட்டிப் புதைத்துவிட்டு, மேலதிகாரியிடம் காட்ட நான்கை மட்டும் கோணிப்பையில் கட்டி ஸ்கூட்டியில் வைத்தேன். உடனே அம்மாவிடமிருந்து போன்.

"இன்னாடி பண்ணிக்கினுகீற? மாப்ள வூட்டுக்காரங்க வாலாஜா தாண்டிட்டாங்களாம்!"

அன்று என்னைப் பெண் பார்க்க ஆம்பூரிலிருந்து வருகிறார்கள் என்பதே மறந்துபோயிருந்தது. மாப்பிள்ளை சதீஷ் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். தோலில் ஒரு கீறல் தெரிந்தாலும் ரிஜெக்ட் பண்ணுகிற ஆள் என்று தரகர் சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. "மீன் நாத்தம் புடிச்ச வேலை" என்று ஏற்கெனவே வந்த சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன.

காவேரிப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பறந்தேன். கோணிப்பையைத் தோட்டத்தில் போட்டேன். அசைவே இல்லை. செத்துவிட்டன என்று நானே தீர்ப்பு எழுதினேன். நாற்றம் கூடத்துக்கு வரக்கூடாதே என்று அதன்மேல் ஒரு குடம் தண்ணீர் வேறு கொட்டினேன். (எப்பேர்ப்பட்ட நிபுணர்!) பிறகு குளித்து, பட்டுப்புடவை கட்டி, காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன்.

"பொண்ணு லட்சணமாத்தான் கீது," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அம்மாவுக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் கொல்லைக் கதவு வழியாக, மீசையை ஆட்டிக்கொண்டு, கன்னங்கரேல் என்று ஒன்று ஊர்ந்து வந்தது.

"ஐயோ, பாம்பு!" மாப்பிள்ளையின் அம்மா நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

பயப்படாதீங்க அத்தை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்ததோ, "பாம்பு இல்ல, தடை செய்யப்பட்ட மீன்! யாரும் நகராதீங்க!"

தட்டை சதீஷ் கையில் திணித்துவிட்டு ஓடினேன். தோட்டத்தில் கோணிப்பை கட்டு அவிழ்ந்து காலி. எங்கள் மதிலுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் நேரே ஏரிக்குத்தான் போகிறது. போன வாரம்தான் அதில் கெண்டைக் குஞ்சு விட்டிருந்தோம். அதை நம்பி வலையோடு காத்திருந்த குடும்பங்களை எனக்குப் பேர் பேராகத் தெரியும். இந்தச் சனியன்களில் ஒரு ஜோடி உள்ளே போய்ப் பெருகினால் அவர்கள் பிழைப்பு அவ்வளவுதான்.

துவைக்கிற கல்லடியில் ஒன்றைப் பிடித்தேன். துளசிச் செடிக்குப் பின்னால் இன்னொன்று. கடைசி மீன் என் கண்ணெதிரிலேயே மதில் இடிந்த இடத்தின் வழியாகக் கால்வாயில் வழுக்கி இறங்கியது. நானும் குதித்தேன். முழங்கால் அளவு சேறு. இரண்டு தடவை கையை விட்டு நழுவியது. முள்ளால் குத்தியது. மூன்றாவது தடவை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்தால் கரைமேல் மொத்த சம்பந்தி வீடும் நிற்கிறது. "போச்சு, இந்த எடமும் போச்சு," என்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வெட்கமே வரவில்லை. ஏரி பிழைத்தது என்ற கர்வம் தலைக்கேறி, சேற்றில் நின்றபடி சிரித்தேன்.

சதீஷ் மூடி போட்ட பக்கெட்டோடு வந்தார். கூடத்து மீன் அதற்குள் துள்ளிக்கொண்டிருந்தது. "மேடம், இன்னும் எத்தினி?" என்றார்.

"இதோட நாலும் ஆச்சு."

அவருடைய அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் அம்மாவிடம் திரும்பி, "இன்னாத்துக்குமா அழுவுற? கையில ரத்தம் வருது பாரு, மொதல்ல மஞ்சள் வச்சிக் கட்டு. தட்டு மாத்துறத அப்பறம் பேசிக்கலாம்," என்றார்.

இப்போது ஆம்பூர் வீட்டுக் கூடத்தில் எங்கள் கல்யாண போட்டோவுக்கு மேலே இன்னொரு போட்டோ இருக்கிறது. சேறும் பட்டுமாக, கெளுத்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பல்லிளிக்கும் நான். சதீஷ் போனில் எடுத்தது. கழற்றச் சொல்லிப் பேஜாராகிவிட்டேன், அத்தை கேட்பதில்லை. வருகிறவர்கள் "இது யாரு?" என்று கேட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"எம் மருமவதான். பொண்ணு பாக்கப் போனப்ப எடுத்தது. எம் புள்ளய ஏறெடுத்துக்கூட பாக்கல, கவர்மெண்டு வேலையத்தான் பாத்தா. காவேரிப்பாக்கத்துக் கெண்டை வாங்கித் துன்றீங்க இல்ல? அது யாரால கெடைக்குதுன்னு நெனச்சிக்கினுகீறீங்க?"