நிச்சயதார்த்தத்துக்கு நான் கொண்டுபோன மெஷின்

படித்த படிப்பை ஆஸ்பத்திரியில் காட்டலாம், ஆய்வகத்தில் காட்டலாம், மிஞ்சிப்போனால் மாமியார் வீட்டில் கொஞ்சம் காட்டலாம். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் மட்டும் காட்டவே கூடாது. இது எனக்கு இப்போது தெரியும். கல்யாணமாகாத அந்த வயதில் தெரியாது. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பதுதான் அப்போது என்னைப் பற்றிய என் தாழ்மையான அபிப்பிராயம்.

சென்னையில் ஒரு ஆய்வகத்தில் கதிரியக்க மருந்து உருவாக்கும் குழுவில் வேலை பார்க்கிறேன். புற்றுநோய்ச் செல்லின் வாசலைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகள் சில உண்டு. அவற்றின் முதுகில் ஒரு கதிரியக்க அணுவைக் கட்டி அனுப்புவது எங்கள் தொழில். சாதுவான அணுவைக் கட்டினால், நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேமராவுக்குக் காட்டிக்கொடுக்கும். முரட்டு அணுவைக் கட்டினால், அங்கேயே உட்கார்ந்து அந்தச் செல்லை ஒரு வழி பண்ணிவிடும். கட்டின மூட்டை போகிற வழியில் அவிழாமல் இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. (முக்கால்வாசி நாள் அவிழ்ந்துவிடும். அதை வீட்டில் சொல்வதில்லை.) ராஜபாளையத்தில் என் அம்மா இதை, "எம் மக கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கா" என்று சுருக்கிவிட்டாள். லீவுக்குப் போனால் எங்கள் தெருவில் மூட்டு வலிக்குக்கூட என்னிடம்தான் மருந்து கேட்பார்கள்.

எஸ்தர் அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. அத்தைக்குத் தைராய்டில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். மிச்சம் மீதி எதுவும் இருக்கக் கூடாதென்று கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் தனி அறையில் இருந்தாள், வீட்டுக்கு வந்தும் சில நாள் ஒதுங்கி இருந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்து, டாக்டர் இனி பயமில்லை என்று சொல்லி, மாதங்கள் ஓடிவிட்டன. அத்தை உடம்பிலிருந்த அயோடின் எப்போதோ போய்விட்டது. தெருவுக்குள் புகுந்த பேச்சு மட்டும் போகவில்லை. இருட்டில் அத்தை மினுங்குகிறாள் என்றார்கள். அவள் பக்கத்தில் நின்றால் செல்போனில் டவர் போய்விடுகிறது என்றார்கள். (அந்தத் தெருவில் டவர் இருந்த காலம் என்று ஒன்று கிடையாது.)

அத்தை அசரவில்லை. "மினுங்குனா நல்லதுதானட்டி. கரண்டு பில்லு மிச்சம்" என்பாள்.

அவளை அசைத்தது ஒரே ஒரு போன்தான். அவள் மகள் ஜாஸ்மினுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள தூரம், பஸ்ஸில் டிக்கெட் எடுத்து மிச்சச் சில்லறை வாங்குவதற்குள் முடிந்துவிடும். மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா இல்லை. வளர்த்து ஆளாக்கியது அவருடைய பெரியப்பா தங்கராஜும் பெரியம்மா ராஜமும். பெரியப்பா ஆலங்குளம் பக்கம் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாரே தவிர, மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் அந்தக் குரல் போனில் வந்தது. ஸ்பீக்கரில் போடாமலேயே கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. தட்டு மாத்துறதுக்கு மட்டும் பொண்ணுக்குச் சித்தி நிக்கட்டுமே. நீங்க செத்த தள்ளி உக்காந்துக்கிடுங்க. எல்லாம் ஒரு சேப்டிக்குத்தான்."

எங்கள் பக்கத்து நிச்சயத்தில் போதகர் ஜெபித்து முடித்ததும் பெண்ணைப் பெற்றவளும் மாப்பிள்ளை வீட்டாரும் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் சாப்பாடு. அத்தை போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே அரைத்து வைத்திருந்த சட்னியை மறுபடியும் மிக்ஸியில் போட்டு ஓட்டினாள். சத்தம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. லீவில் வந்திருந்த நான் போய் நின்றதும் மிக்ஸியை அணைத்தாள்.

"கழுத்த அறுத்துக்கிட்டுப் பொழைச்சு வந்ததே இந்தத் தட்டப் புடிக்கத்தானட்டி கிரேஸு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து கோபம் வந்தது, கோபத்தோடு சேர்ந்து அறிவு வேறு வந்துவிட்டது. அதுதான் வினை.

என்னிடம் சொந்தமாகக் கதிர்வீச்சை அளக்கும் சின்ன மெஷின் ஒன்று இருந்தது. உள்ளங்கை அகலம், மஞ்சள் நிறம், ஆன்லைனில் வாங்கியது. சாதாரணமாக எப்போதாவது 'டிக்' என்னும். கதிர்வீச்சு இருந்தால் ஊரைக் கூட்டும். நிச்சயதார்த்தத்தில் எல்லோர் முன்னாலும் இதை அத்தை மேல் வைத்துக் காட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரின் வாயை அடைப்பது என்று முடிவு கட்டினேன். அத்தையிடம் சொன்னபோது, "நல்லா தெரியுமாட்டி?" என்று மட்டும் கேட்டாள். "என் தொழிலே இதுதான் அத்தை" என்றேன். (இந்த வாக்கியத்தைச் சொன்னவர்கள் யாரும் நன்றாக இருந்ததில்லை.)

அன்றைக்குச் சபை மண்டபம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். அத்தையே காபி கொண்டுவந்து கொடுத்தாள். தங்கராஜ் பெரியப்பா மறுக்க முடியாமல் கைக்குட்டையைச் சுற்றி டம்ளரைப் பிடித்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. மனுஷர் வந்ததிலிருந்து மடியில் ஏற வந்த பிள்ளைகளையெல்லாம் "தள்ளிப் போங்கல, தள்ளிப் போங்கல" என்று விரட்டிக்கொண்டிருந்தார். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு அடிக்கடி பின்பக்கம் போய் வந்தார். என்ன திமிர் பிடித்த மனுஷர் என்று நினைத்தேன். பிள்ளைகளை விரட்டுவதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் வேறு காரணம் இருக்கலாம் என்று, இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிற எனக்குத் தோன்றவே இல்லை.

போதகர் ஐயாவிடம் இரண்டு நிமிஷம் கேட்டு மைக்கை வாங்கினேன். கதிரியக்க மருந்துகளைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன். மெஷினைத் தூக்கிக் காட்டினேன். அது 'டிக்' என்றது. இப்படி லேசான கதிர் கல்லிலும் மண்ணிலும் இயற்கையாகவே உண்டு, பயப்பட வேண்டாம் என்று விளக்கினேன். முன்வரிசையில் ஒரு அம்மா கிரானைட் தரையிலிருந்து இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அத்தையை எழுந்து நிற்கச் சொன்னேன். மெஷினை அவள் கழுத்தருகே கொண்டுபோனேன். டிக். வயிற்றருகே. டிக். கை, கால், கொண்டையில் வைத்திருந்த பூ, எல்லாவற்றிலும் சும்மா அந்தப் பழைய டிக்தான். "தரையில இருக்கிறதுக்கு மேல ஒரு துளிகூட அத்தை மேல இல்லை!" என்று மைக்கில் முழங்கினேன். யாரோ கை தட்டினார்கள். ஜாஸ்மின் மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை பட்டுச் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அந்த நிமிஷம் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

"மெஷினு ரிப்பேரா இருந்தா?" என்றது சிமெண்டுக் குரல்.

"அப்ப உங்க மேல வச்சுப் பாத்துருவோமா பெரியப்பா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனேன். அவர் "வேண்டாம், வேண்டாம்மா" என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பயப்படுகிறார் என்று எனக்கு ஒரே குஷி. மெஷினை நீட்டினேன்.

அலறியது.

கறிக்கடைக்குள் நுழைந்த பூனையைப் பிடித்து அமுக்கினதுபோல் அலறியது. நான் பின்னால் போனேன், சத்தம் குறைந்தது. கிட்டே போனேன், கூடியது. ஸ்ரீவில்லிபுத்தூர் மொத்தமும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. வீடியோக்காரர் கேமராவை அங்கேயே விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். (கேமரா நன்றி மறக்காமல் எல்லாவற்றையும் பதிவு செய்தது.) போதகர் ஐயா வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்தபடி மேடையின் கடைசிப் படிக்கு நகர்ந்தார்.

அப்போது கூட்டத்தில் யாரோ ஒரு மகராசன் கண்டுபிடித்தார்: "ஏலே, அந்தக் காப்பி! அவிய கையால குடுத்த காப்பி! அங்க இருந்தது அம்புட்டும் இங்க ஏறிட்டு!"

நான் கஷ்டப்பட்டு நடத்திய சோதனையே இப்போது அத்தைக்கு எதிர்ச் சாட்சி ஆகிவிட்டது. அத்தை மேல் ஒன்றுமில்லை, பெரியப்பா மேல் எல்லாம் இருக்கிறது, நடுவில் ஒரு டம்ளர் காபி. ஊருக்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? காபி குடித்த அத்தனை பேரும் "எனக்குப் பாரு, எனக்குப் பாரு" என்று என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ராஜம் பெரியம்மா, "வண்டிய எடுக்கச் சொல்லுங்க, போவோம்" என்றாள். ஜாஸ்மின் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் எழுத முடியாது. அத்தை காபி கொண்டுவந்த காலித் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமே என்னால் நின்றது என்று நினைத்தேன். மயங்கி விழலாமா என்றுகூட யோசித்தேன், இடம்தான் இல்லை.

அந்தக் கலவரத்தில்தான் என் படிப்பு தாமதமாக வந்து சேர்ந்தது. காபி குடித்து இப்படி ஆகாது. ஊசி போட்டால்தான் ஆகும். பிள்ளைகளை விரட்டினார், தண்ணீராகக் குடித்தார், பின்பக்கம் ஓடினார். இவையெல்லாம் ஸ்கேனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சொல்லி அனுப்பும் புத்திமதிகள் அல்லவா! நோயாளியின் ரகசியம் காக்க வேண்டும் என்ற நல்லொழுக்கமும் எனக்கு உண்டு. அதனால் அவர் காதருகே குனிந்து மிக மிக மெதுவாகக் கேட்டேன்:

"பெரியப்பா, நேத்து எங்கயாவது ஹார்ட்டுக்கு ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தீங்களா?"

கையில் மைக் இருந்தது. மண்டபத்திலும் கேட்டது, வாசலில் கட்டியிருந்த குழாயிலும் கேட்டது, எதிரே டீக்கடையிலும் கேட்டது.

ராஜம் பெரியம்மா சுவரை விட்டு வந்தாள். "நேத்து மதுரைக்கு வேட்டி எடுக்கப் போறேன்னுல்லா சொன்னிய?"

பெரியப்பாவின் குரல் முதல் தடவையாகச் சிறுத்தது. "படி ஏறுனா நெஞ்சு புடிக்கி. சொன்னா நீ நிச்சயத்தத் தள்ளி வச்சிருவ. பயலுக்கு ஒரு நல்லது நடக்கட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்னு..."

"அப்ப வேட்டி?"

"எடுக்கல."

யாரும் சிரிக்கவில்லை, பெரியம்மா கண்ணில் தண்ணீர் நின்றதால். அந்த மருந்தும் எங்கள் ஜாதிதான், கேமராவுக்குக் காட்டிக்கொடுக்கும் சாது அணு, நாளைக்குள் போய்விடும், யாருக்கும் ஆபத்தில்லை என்று நான் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருவரும் சுவரை விட்டு நகரவில்லை. மண்டபத்தின் நடுவில் பெரியப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். அப்படி ஒதுக்கப்பட்டு உட்காருவது எப்படி இருக்கும் என்று அந்த அறையில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். எஸ்தர் அத்தை எழுந்தாள். தன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து, அவருக்குப் பக்கத்தில், முட்டி முட்டுகிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள்.

"தண்ணி நெறையக் குடிங்க அண்ணாச்சி. சீக்கிரம் போயிரும். பயப்படாதிய, நான் இருந்து பாத்தவ."

பெரியப்பா கைக்குட்டையை எடுத்தார். இந்தத் தடவை கண்ணைத் துடைக்க. பிறகு, "தட்ட நீங்களே மாத்துங்க தங்கச்சி" என்று தங்கள் பக்கத்துத் தட்டை எடுக்கக் கை நீட்டினார். "நீங்க தொடாதிய!" என்று பெரியம்மா அவர் கையில் ஒன்று வைத்துவிட்டு, தானே போய்த் தட்டை எடுத்து வந்தாள். போதகர் ஐயா எட்ட நின்றே ஜெபித்தார், பெரியப்பாவின் நெஞ்சுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. அத்தையும் பெரியம்மாவும் தட்டு மாற்றினார்கள். அத்தை தட்டை வாங்கியதும் கீழே வைக்கவே இல்லை. சாப்பாட்டுப் பந்தி முடியும் வரை கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அடுத்த வாரமே பெரியப்பாவின் ரத்தக்குழாயில் அடைப்பு என்று ரிப்போர்ட் வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். கல்யாணத்தில் திடமாக நின்று பழைய குரலிலேயே எல்லோரையும் விரட்டினார். ஆனால் என் பெயர் போனது போனதுதான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் வாசலில் என் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அந்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லாப் பிறந்தநாளுக்கும் வருகிறது.

நான் இத்தனை வருஷமாகப் புற்றுநோயோடு மல்லுக்கட்டுகிறேன் என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் யாருக்கும் ஞாபகமில்லை. போன மாதம் ராஜம் பெரியம்மா போன் செய்தாள்.

"ஏட்டி கிரேஸு, இவிய சாயங்காலம் வாக்கிங் போனேன்னு சொல்லுதாவ. பொரோட்டாக் கடைக்குப் போனாவளான்னு ஒன் மெஷினுல தெரியுமா?"

அப்படியெல்லாம் தெரியாது, அது வேறு விஞ்ஞானம் என்று விளக்க வாயெடுத்தேன். பிறகு நினைத்துக்கொண்டு, "தெரியும் பெரியம்மா" என்றேன்.

பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

"ரெண்டுதான் தின்னேன்! சால்னா தொடவே இல்ல!"