நீல வாளி மூடவில்லை

சனிக்கிழமை காலை நீல வாளியின் மூடி மூடவில்லை. எபினேசர் உள்ளங்கையால் அழுத்தினார், இறங்கியது. கையை எடுத்ததும் உள்ளே ஏதோ நொறுநொறுவென்று மூச்சுவிட, மூடி மறுபடி எழுந்து நின்றது.

பக்கத்தில் பச்சை வாளி, நேற்றைய டீத்தூளோடும் வாடிய ஒரு முழம் பூவோடும் சமர்த்தாக மூடிக் கிடந்தது.

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் அந்தத் தெருவின் எல்லா வாசலிலும் இந்த இரண்டு வாளிகள் உண்டு. மக்குகிற குப்பை பச்சையில். அதைத் தினமும் எடுத்துப்போவார்கள். மக்காதது நீலத்தில், அதை எடுப்பது புதன்கிழமை மட்டும். ஒரு வாரம் தாங்கவேண்டிய நீல வாளி இப்போதெல்லாம் மூன்றாம் நாளே பிதுங்கியது.

இதில் எபினேசருக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஒரு மாதமாக வீட்டில் எல்லோரும் பத்தியம். சாப்பாடு குறைந்தால் குப்பையும் குறையவேண்டும். சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் அளவுக்கருவிப் பிரிவில் அவருக்கு வேலை. பிரஷர் மீட்டரோ தராசோ, எதுவானாலும் வருடத்துக்கு ஒருமுறை சோதித்து, பொய் சொல்லவில்லை என்று ஸ்டிக்கர் ஒட்டுவார். உள்ளே போவதும் வெளியே வருவதும் பொருந்தாத எதையும் அவரால் சும்மா விடமுடியாது.

பத்தியத்துக்குக் காரணம் கம்பெனியின் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை. டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டுமுறை பார்த்துவிட்டு, “உங்களுக்கு முப்பத்தெட்டு வயசு. உங்க ரத்தக்குழாய்க்கு அம்பத்தஞ்சு” என்றார். எபினேசர் தன் அண்ணன் ராயப்பனை நினைத்துக்கொண்டார். அண்ணனுக்கு நாற்பத்தொன்றில் பெங்களூரில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். நாற்பத்தொன்று என்பது இன்னும் மூன்றே மூன்று ஸ்டிக்கர் தூரம். மகள் பெனிஷா அப்போதும் ஆறாவதுதான் முடித்திருப்பாள்.

மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம் எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். கண்டதைத் தின்னாமல் நல்லதாகப் பார்த்துச் சாப்பிடச் சொன்னார். வெளியே இன்னும் நாற்பது பேர் வரிசையில் நின்றதால் எது நல்லது என்பதை விளக்க அவருக்கு நேரமில்லை.

எபினேசரும் மனைவி அருள்செல்வியும் நல்லதாகவே பார்த்தார்கள். அவள் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காலை ஷிப்ட், அவருக்கு மதிய ஷிப்ட். நின்று சமைக்க இரண்டு பேருக்கும் நேரமில்லை. ஆகவே சூப்பர்மார்க்கெட்டில் ஒவ்வொரு அட்டையாகப் படித்தார்கள். கிரீம் பிஸ்கட் போய் நார்ச்சத்து பிஸ்கட் வந்தது. சிப்ஸ் போய், எண்ணெயில் பொரிக்காத கேழ்வரகு சிப்ஸ். சாதா நூடுல்ஸுக்கு பதில் ஓட்ஸ் நூடுல்ஸ், கோலாவுக்கு பதில் சர்க்கரை சேர்க்காத ஜூஸ். எல்லாவற்றின் மேலும் ஒரு சிவப்பு இதயம் அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்தாலே எபினேசருக்குப் பாதி குணமானதுபோல் இருக்கும்.

முதலில் அவர் காற்றைக் குறைத்தார். பாக்கெட்டுக்குள் அடைத்திருக்கும் காற்றுதான் இடத்தை அடைக்கிறது என்பது அவர் கணிப்பு. ஒவ்வொரு காலி உறையையும் முக்கோணமாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டார். வாளியில் பாதி இடம் கிடைத்தது. இடம் இருக்கிறதே என்று அடுத்த சனிக்கிழமை இன்னும் நாலு பாக்கெட் கூட வந்தது.

பிறகு பேப்பரில் கணக்குப் போட்டார். நாலு சின்ன பாக்கெட்டின் உறையைவிட ஒரு பெரிய பாக்கெட்டின் உறை குறைவு. உடனே எல்லாவற்றையும் ஃபேமிலி பேக்காக வாங்கினார். கணக்கு சரி. ஆனால் ஓசூரின் ஈரக்குளிரில் திறந்த பாக்கெட் அரை நாளில் நமுத்துப்போகும். நமுத்துப்போகாமல் காப்பாற்ற ஒரே வழி, திறந்த கையோடு தின்று முடிப்பதுதான். குடும்பமே சேர்ந்து காப்பாற்றியது.

அது கஷ்டமாகவும் இல்லை. வயிறு நிறைந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரக் கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஆகும். ஊசி மெதுவாக நகரும் மீட்டர் அது. சோறும் கீரையும் அவரைக்காய்ப் பொரியலும் மென்று முடிப்பதற்குள் ஊசி நகர்ந்து ‘போதும்’ என்று காட்டிவிடும். மெல்லும் வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்து, உப்பும் இனிப்பும் வாசனையும் ஏற்றி, நாக்கில் வைத்ததும் கரையும்படி செய்த வில்லைகள் ஆறு நிமிடத்தில் காலியாகிவிடும். ஊசி அசையும்போது பாக்கெட்டில் தூள்தான் இருக்கும்.

எபினேசருக்கு பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப்போனது. வீட்டில் வைத்திருந்த பி.பி. மிஷின் நூற்று நாற்பத்தாறிலிருந்து நூற்று ஐம்பத்திரண்டுக்குப் போனது. பத்தியத்தில் இருப்பவனுக்கு பி.பி. ஏறாது; ஆகவே மிஷினில்தான் கோளாறு என்று அதைக் கம்பெனிக்கு எடுத்துப்போய் முறைப்படி சோதித்தார். துல்லியமாக இருந்தது. வேறு வழியில்லாமல் ஸ்டிக்கர் ஒட்டித் திரும்பக் கொண்டுவந்தார்.

“மிஷின் பாஸ்” என்றாள் அருள்செல்வி, ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு. “அப்ப ஃபெயில் யாருங்க?”

அவர் நேராகக் கடைக்குப் போய், பழையதைப்போல் இரண்டு மடங்கு பெரிய நீல வாளி வாங்கிவந்தார்.

அருள்செல்விக்கு விடுமுறையான ஒரு புதன்கிழமை காலை விசில் சத்தம் கேட்டது. பேட்டரி வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு செல்வம்மாள் வந்தார். அந்தத் தெருவுக்கு ஐந்து வருடமாகக் குப்பை எடுப்பவர். எபினேசரின் வயதுதான் இருக்கும். பெரிய வாளியும் நிரம்பி, மூடி சாய்ந்து நின்றது. பெனிஷா வாசலில் குந்தி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இந்த வாரம் முப்பத்தொரு ஹார்ட்டு.”

செல்வம்மாள் வாளியைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். “சார், கடை எப்ப தொறந்தீங்க?”

“என்ன கடை?”

“ரெண்டு மாசமா மூட்டையாட்டம் வருதே. என்கூட வண்டியில வர்ற சக்தி கூட கேட்டான். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில இவ்ளோ விழாது.”

“கடையில்ல செல்வம்மாக்கா” என்றாள் அருள்செல்வி மெதுவாக. “பத்தியம்.”

செல்வம்மாள் சிரித்திருந்தால் பரவாயில்லை. அவர் சிரிக்கவில்லை. ரப்பர் பேண்ட் போட்ட முக்கோணம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். கசங்கிய இதயம் ஒன்று விரிந்தது. யாருக்குப் பத்தியம் என்று கேட்டார். அருள்செல்வி கணவனைக் காட்டினாள். அவர் அண்ணனுக்கு நடந்ததையும், அடுத்த மாதம் ரத்தம் எடுக்கவேண்டியதையும் சொன்னாள்.

எபினேசர் வாரத்துக்கு இரண்டு தடவை நீலத்தை எடுக்கமுடியுமா, அல்லது இதைவிடப் பெரிய வாளி எங்கேயாவது கிடைக்குமா என்று விசாரித்தார்.

“என் லைன்ல நூத்தி இருவது வீடு சார்” என்றார் செல்வம்மாள். “பக்கெட்டத் தூக்கினாலே வீட்டுல யாரு எப்பிடி இருக்காங்கன்னு தெரிஞ்சிரும். எதிர்ல வெங்கடப்பன் வீட்டுப் பச்ச பக்கெட்ட ஒத்தக் கையில தூக்க முடியாது, கீரத்தண்டு, வாழப்பழத் தோலு, அவரக்கா நாருன்னு அவ்ளோ கனம். நீலம் ரொம்புற வீட்டுல மொதல்ல வெறும் பாக்கெட்டா வரும். ரெண்டு மூணு வருசம் போனா அதே பக்கெட்டுல மாத்திர அட்டையும் சேந்து வரும்.”

எபினேசர் எதிர் வாசலைப் பார்த்தார். பிறகு தன் வாசலில் இருந்த இரண்டு வாளிகளையும் பார்த்தார்.

“அப்ப இந்த பக்கெட்ட என்னதான் பண்றதுங்க?”

“பக்கெட்டு ரெண்டும் சரியாத்தான் வேல செய்யுது சார். எதத் தின்னா குப்ப பச்சையில விழுதோ அதத் தின்னுங்க. நீலத்துல விழுறதக் கடையிலயே விட்டுட்டு வாங்க.”