எந்தக் கொம்பனாலும் மாற்ற முடியாத மனசு

"என் மனசை எந்தக் கொம்பனாலும் மாத்த முடியாது" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் சிலமலையில் அந்த இனத்தின் அசல் வித்து கன்னையன். ஒன்றரை ஏக்கர் தென்னையும் அசையாத கொள்கைகளும் உடையவர்.

இந்தத் தேர்தலில் அவர் கொள்கை, ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாள் ஏற்றும் ஜீப்புகளை யாரும் கட்டுப்படுத்தக் கூடாது என்பது. போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஒரு ஜீப்புக்குள் இருபது பேர் அடைந்து போனால்தான் என்ன? "ஜீப்புக்காரன் பொழப்பு என்னாகுறது?" என்பார். போன வாரம் ஒரு கட்சிக்காக ஓட்டுக் கேட்டு வந்த விஜயகுமார் சொன்னது அது, எழுத்துப் பிசகாமல். கன்னையனோ பிறந்ததிலிருந்தே தன் கருத்து அதுதான் என்பார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேறொரு கட்சிக்காக சுகன்யா என்ற பெண் வந்தாள். நோட்டீசைக் கொடுத்தாள். முழங்கவில்லை, கேட்டாள்.

"அண்ணே, ஒங்க வீட்ல யாராச்சும் ஜீப்புல போறாகளா?"

"எம் பொஞ்சாதி போறா, தெனமும்."

"எங்கன உக்காந்து போறாக?"

கன்னையன் தடுமாறினார். மனைவி அன்னக்கொடி பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாகப் போவதை, ஐப்பசி மழையில் ஜீப்புப் படியில் வழுக்கி விழுந்து முழங்கை பிசகியதை, பிசகிய கையோடு மூன்றாம் நாளே மறுபடி ஏறியதைச் சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. சுகன்யா குறுக்கே பேசவேயில்லை. அவ்வளவுதான் அவள் செய்த பிரசாரம்.

அவள் தெருமுனையைத் தாண்டுமுன் கன்னையன் முழங்கினார்: "ஆள் ஏத்துறதுக்கு ஒரு அளவு வேணும்ப்பா! காலையில ரெண்டு கவர்மெண்டு பஸ்சு விட்டாத்தான் என்ன? நா ஆரம்பத்துல இருந்தே சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்!"

அரிசி களைந்துகொண்டிருந்த அன்னக்கொடி எட்டிப் பார்த்தாள். "பதினோரு வருசமா நாந்தான சொல்றேன்?"

"நீ எப்பச் சொன்ன?" உண்மையாகவே கேட்டார்.

அவள் சண்டை போடவில்லை. ஈரக் கையைத் துடைத்தாள், நோட்டீசை எடுத்தாள், வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டுத் தட்டினாள். கன்னையன் திறந்தார்.

"அய்யா, வணக்கம். ஒங்க வீட்ல விடியமுன்ன எந்திரிச்சுச் சோறாக்குறது யாரு?"

"எம் பொஞ்சா..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார்.

மறுநாள் அடுப்பைப் பற்றவைத்தது கன்னையன். சோறு குழைந்துவிட்டது, அன்னக்கொடி அதையே தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஜீப்பு ஏறினாள். அதற்குள் ஜீப்புக்காரர் வரைக்கும் சேதி போய்விட்டது: ஆம்பளை சமைக்க வேண்டும் என்பது கன்னையனின் நெடுநாள் கொள்கையாம்.

சிரிக்கிறீர்கள். உங்கள் கருத்தெல்லாம் நீங்களே யோசித்து எடுத்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இன்று யாராவது கதவைத் தட்டினால், திறப்பதற்கு முன் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் உள்ளேதான் இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.