கடலைக்கொடி தின்ற ஆடு

"ஆட்டை அப்புறம் பாக்கலாம் சார், மொதல்ல கொடியைப் பாருங்க!" என்று கத்தியபடி தனகோடி நிலத்துக்குள் ஓடினான்.

உப்பள ஆபீஸ் கிளார்க் அரசப்பன் வானத்தைப் பார்த்தார். இருட்டிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அவருக்கு ஆடு வேண்டும். விருந்தாளி லேசுப்பட்டவரா? எழுபத்து மூன்றாம் வருஷத்து மழையில் கால்வாயில் உப்புப் படகு கவிழ்ந்தது. நீச்சல் தெரியாத அரசப்பன் கண்ணை மூடிக்கொண்டு கைகாலை உதறியதுதான் நினைவு. விழித்தபோது கரையில் கிடந்தார். பக்கத்தில், அவர் சட்டையை இறுகப் பிடித்தபடி, அதே படகில் வந்த, உப்பளத்தில் எடை போடும் பவுல்ராஜ்.

"பெத்தவளுக்கு அடுத்தபடி அவருதான்" என்று அரசப்பன் வீட்டில் சொல்லிச் சொல்லி உருகுவார். ஆனால் பவுல்ராஜை நேரில் கண்டால் பேச்சு வராது. அவருக்கும் அப்படியே. இருவரும் ஒருவரையொருவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு எங்கேயோ மேய்ந்த சந்தை ஆட்டைப் போட மனம் வரவில்லை. பிரம்மதேசத்துத் தனகோடியின் ஆடு கடலைக்கொடி தின்று கண்ணெதிரே வளர்ந்தது.

"இந்தக் கொடி காஞ்சாத்தான் வருஷம் பூரா ஆட்டுக்குத் தீனி. நனைஞ்சா போச்சு," என்றான் தனகோடி.

கடலை பறித்த கொடியெல்லாம் நிலத்தில் பரப்பிக் கிடந்தது. இருவரும் வேட்டியை மடித்துக் கட்டி, வாரி அள்ளிப் போர் போட்டார்கள். போட்டு முடித்ததும் மேகம் கலைந்து வெயில் சுள்ளென்று அடித்தது.

மறுநாள் அரசப்பன் வந்தபோது போரிலிருந்து ஆவி பறந்தது.

"அவசரத்துல அரைக்காய்ச்சலாப் போட்டுட்டோம் சார். உள்ள வெந்துகிட்டிருக்குது. பிரிங்க!"

பிரித்து மறுபடி உலர்த்தினார்கள். அசதியில் இருவரும் வேப்பமரத்தடியில் சாய்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து விருந்து ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு, களத்தில் கொட்டியிருந்த பச்சைக் கடலையை ஒரு கை பார்த்துவிட்டது.

"ஐயையோ, வயிறு உப்பிப்போச்சு! படுக்க உடாதீங்க, நடக்க வைங்க!"

அரசப்பன் ஆட்டை இழுத்தார். ஆடு அவரை இழுத்தது. "நடடா ராஜா, பவுல்ராஜுக்காக நடடா" என்று கெஞ்சிக்கொண்டே ஊரைச் சுற்றினார்.

"ஏம்பா, யாரு யாரை ஓட்டிட்டுப் போறது?" என்று தெருவே சிரித்தது.

பொழுது சாயும்போது ஆட்டுக்கு வயிறு வடிந்தது, அரசப்பனுக்குக் கால் வீங்கியது. அவருக்கு அது கொஞ்சமும் வலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கறி பஞ்சாக வெந்திருந்தது. மனைவி ஜெயாவைத் தள்ளிவிட்டு அவரே நொண்டி நொண்டிப் பரிமாறினார். பவுல்ராஜ் கண் கலங்கச் சாப்பிட்டார். அன்றுதான் அரசப்பனுக்குப் பேச்சு வந்தது.

"நல்லா சாப்பிடுங்க பவுல்ராஜ். நீங்க இல்லன்னா இன்னிக்கு நான் இல்ல."

பவுல்ராஜின் கை இலையிலேயே நின்றது. அவர் மனைவி அன்னமேரிதான் திகைத்து நிமிர்ந்தாள்.

"என்ன சார் சொல்றீங்க? எங்க வீட்டுக்காரருக்கு நீச்சலே தெரியாதுங்க. அன்னிக்கு நீங்கதான் கரைக்கு இழுத்துட்டு வந்தீங்கன்னு, உங்களுக்கு விருந்து வைக்க ஊரு ஊரா ஆடு தேடிகிட்டிருக்காரு!"