மூன்று மிளகாய்ப் படம் போட்ட கோழி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று மகன் சொன்னான். நான் விசாரித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்று கொரியன் கோழிக் கடையில் நடந்ததை வைத்து, நம் இருவருக்கும் சமாதானம் ஆகிவிட்டதாகக் குடும்பம் முழுக்கச் செய்தி பரவியிருக்கிறது. அதை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

கல்யாண ஆல்பத்தில் நீங்கள் என் முகத்தைப் பாதியாக வெட்டி, உங்கள் கோட்டு சூட்டை மட்டும் முழுதாகப் போட்ட நாளிலிருந்து இரண்டு வருடமாக நாம் பேசுவதில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது. நேற்று என் மகனும் உங்கள் மகளும் ஆளுக்கொரு பொய் சொல்லி நம்மை ஒரே மேஜையில் உட்காரவைத்துவிட்டார்கள். எழுந்து போகலாமென்றால் நான் சுவரோரம், வழியை அடைத்துக்கொண்டு நீங்கள். மெனுவில் மூன்று மிளகாய்ப் படம் போட்ட கோழியைக் காட்டி, "வயசானவங்களுக்கு இது தாங்காதும்மா" என்று மகளிடம் சொன்னீர்களே, அது என் காதில் விழவேண்டும் என்றுதானே? "எனக்கு அதுதான் வேணும்" என்றேன். உடனே "எனக்கும்" என்றீர்கள். ரோஷம்!

கோழி வந்தது. சிவப்பாக, பளபளவென்று, எள் தூவி. கூடவே கையில் ஒட்டாமலிருக்க பிளாஸ்டிக் கையுறை. பிள்ளைகள் குளிர்பானம் வாங்கப் போயிருந்தார்கள். போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து என் வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஐந்து விரலும் ஒரே ஓட்டைக்குள் போய் மாட்டிக்கொண்டன. "குடுங்க இப்படி" என்று கையைப் பிடித்திழுத்து, கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மாட்டிவிட்டீர்கள். நான் உதவி கேட்டதாக நினைவில்லை. பிறகு கோழியை எலும்பிலிருந்து பிய்த்து என் தட்டில் வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "ஆஸ்பத்திரிக்கு வந்தேன் சம்பந்தி. நீங்க அங்க இருந்த மூணு நாளும் வந்தேன். உங்க ரூம் கதவு வரைக்கும் வந்துட்டு, என்ன பேசறதுன்னு தெரியாம திரும்பிட்டேன்."

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் காரம் வேலை செய்யத் தொடங்கியது. என் கண்ணில் தண்ணீர். உங்களுக்கும். கையுறையோடு துடைத்ததில் என் கன்னம், உங்கள் மூக்கு, எல்லாம் சாஸ். திரும்பி வந்த உங்கள் மகள் அதைப் படமெடுத்து, "அப்பாங்க ரெண்டு பேரும் சேந்து அழறாங்க" என்று எழுதி உறவுக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாள்.

முப்பத்திரண்டு வருடம் மருந்துக்கடை நடத்தியவன் நான். மிளகாய்க் கண்ணீர் எது, மற்றது எது என்று எனக்குத் தெரியாதா? ஆகவே நாம் பேசாமலிருப்பது வழக்கம்போல் தொடரும் என்று தெரிவித்து, உங்கள் வீட்டம்மாவுக்கு மட்டும் என் வணக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் மகளின் மாமனார்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது கோழிக் கடையிலிருந்து போன். மேஜையை மகன் என் நம்பரில்தான் பதிவு செய்திருக்கிறான். "ஸாரி சார், நேத்து ஆர்டர் மாறிப்போச்சு. மூணு மிளகாய்க் கோழி பக்கத்து மேஜைக்குப் போயிடுச்சு. உங்க ரெண்டு பேருக்கும் வந்தது சின்னப் பசங்க சாப்பிடற தேன் கோழி. பாக்க சிவப்பா இருந்தாலும் அதுல காரமே கிடையாது" என்றாள் கடைப் பெண். அதற்காக ஒரு தட்டு இலவசமாம், இரண்டு பேருக்கு. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு வந்துவிடுங்கள். பிள்ளைகளிடம் பயங்கரக் காரம் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.